பியூஸ் போனது ஏன்?

குற்றம் என்னும் சொல்லை நாம் இரு பொருளில் ஆள்கிறோம். இரத்தினத்தில் காணப்படும் கீறலும் குற்றமே. நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் செயலும் குற்றமே. பழுது என்னும் சொல்லும் அவ்வாறே கருவிக்கும் மனிதருக்கும் பொதுவாக வழங்குகிறது. சொல் பொதுவாக இருப்பினும், நாம் நடந்துகொள்ளும் முறை பொதுவாக இல்லை. கருவி பழுதானால், ‘பழுது எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறோம். மனிதரிடையே பழுது நேர்ந்தாலோ, ‘யார் செய்தது?’ என்று கேட்கிறோம். முன்னது தேடலைத் தொடங்கி வைக்கும் கேள்வி. பின்னது பெரும்பாலும் தேடலை முடித்துவைக்கும் கேள்வி. ஒரு பெயர் கிடைத்தவுடன் மனம் நிறைவடைந்துவிடுகிறது. மனிதரிடம் குற்றம் காணும் நாம், கருவியில் பழுது காண்பவரிடமிருந்து கற்கத்தக்கது ஏதேனும் உண்டா? இதுவே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

எண்ணுவதற்கு எளிதாக ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். நம் பாடகர் குழுக்கள் பலவற்றில் பேஸ் கிதார் இருக்கிறது. நான்கு தந்திகளைக் கொண்ட அக்கருவியின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கூட்டத்தினர் அனைவரும் கேட்குமாறு எழுப்ப, சாதாரணக் கிதாருக்கு வேண்டியதைவிட மிகுந்த ஆற்றல் வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் தம் பேஸ் கிதாரை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடன் ‘பேஸ்மேன்’ என்ற தனி ஆம்ப்ளிஃபையரையும் அதற்கெனக் கொண்டுவந்தார். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்.வி.டி. என்னும் ஆம்ப்ளிஃபையரோ 300 வாட் ஆற்றலும் 14 வால்வுகளும் கொண்டது. இன்று டிரான்சிஸ்டர்களால் இயங்கும் பெட்டிகளையே நாம் மிகுதியாகக் காண்கிறோம். எதுவாயினும், ஆற்றல் மிகுந்த இடத்தில் வெப்பமும் அதிர்வும் மிகும். அவை மிகுந்த இடத்தில் பழுதும் வந்து சேரும்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் பயிற்சியின்போது அந்தப் பெட்டி திடீரென ஓய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வாசித்துக்கொண்டிருந்தவன் புதிதாகக் குழுவில் சேர்ந்த இளைஞன். அனைவரும் அவனைத் திரும்பிப் பார்ப்பர். ‘எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைப்பான்’ என்பார் ஒருவர். ‘சொன்னால் கேட்டால்தானே’ என்பார் மற்றொருவர். பெட்டியைத் திறக்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அவன் மறுவாரம் பயிற்சிக்கு வராமல் நின்றுவிடலாம். வராமையே அவன் குற்றத்திற்குச் சான்றாகவும் கொள்ளப்படலாம்.

பழுது பார்ப்பவரின் வழி வேறு. அவர் எடுத்த எடுப்பில் பெட்டியைத் திறப்பதில்லை. கிதாரை மாற்றிப் பார்ப்பார். கேபிளை மாற்றிப் பார்ப்பார். ஸ்பீக்கரைக் கழற்றித் தனியே சோதிப்பார். பல வேளைகளில் கேபிளின் முனையில் அறுந்துபோன மெல்லிய கம்பி ஒன்றே முழு மௌனத்திற்கும் காரணமாக இருக்கும். வெளியே குறையில்லை என்று உறுதியான பின்னரே உள்ளே செல்வார். அங்கும் கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றுவதில்லை. ஒலி செல்லும் பாதையை நடுவில் பிரித்து, பழுது இப்பாதியிலா அப்பாதியிலா என்று பார்ப்பார். இப்படி ஒவ்வொரு சோதனையிலும் ஐயத்திற்குரிய இடம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும்.

பழுது வெளிப்படும் இடம் வேறு, பழுது குடியிருக்கும் இடம் வேறு என்பது அவர் அறிந்த பாடம். ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் கேட்டால், வால்யூமைக் குறைத்துப் பார்ப்பார். இரைச்சலும் குறைந்தால் கோளாறு அதற்கு முன்னே உள்ளது. குறையாவிட்டால் அதற்குப் பின்னே, அல்லது மின்சாரம் வழங்கும் பகுதியில் உள்ளது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்சாரம். அதைச் சீராக்க வேண்டிய கண்டன்சர் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் உழன்று உலர்ந்துவிட்டால், நொடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட இரைச்சல் எழும். முனகுவது ஸ்பீக்கர், உலர்ந்ததோ வேறோர் உறுப்பு. சில பெட்டிகளில் ஈயம் பற்றவைத்த இணைப்புகள், அப்பெட்டியே எழுப்பும் தாழ்ந்த ஒலியின் அதிர்வால் நாளடைவில் விரிசல் கண்டுவிடும். டிரை சால்டர் என்று கடைகளில் சொல்வது இதைத்தான். வீட்டில் எரிந்து விழும் தகப்பனின் பழுது அவர் வேலை பார்க்கும் இடத்தில் இருக்கலாம். பள்ளியில் முரண்டு பிடிக்கும் பிள்ளையின் பழுது வீட்டில் இருக்கலாம். சத்தம் கேட்கும் திசையிலேயே கல்லெறிந்து பழகிய நமக்கு இது எளிதில் புலப்படுவதில்லை.

நம் பெட்டிக்குத் திரும்புவோம். அதன் பியூஸ் எரிந்து கிடக்கிறது. இந்நிலையில் மூன்று வழிகள் உண்டு. புதிய பியூஸைப் போட்டுவிட்டு, போனது கெட்ட பியூஸ் என்று சொல்லலாம். அதுவும் உடனே எரியும். தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைத்து, இனிப் போகாது என்று மகிழலாம்; அடுத்து எரிவது மின்மாற்றியாக இருக்கும், அல்லது கட்டடமாகவே இருக்கும். மூன்றாவது வழி, பியூஸ் போனது ஏன் என்று கேட்பது. உண்மையில் பியூஸ் தவறு செய்யவில்லை. தான் எரிந்து மற்றவற்றைக் காத்தது. நிர்வாகத்தில் கேள்வி கேட்டு ஒதுக்கப்படுபவரும், குடும்பத்தில் முதலில் உடைந்து அழுபவரும் இப்படிப்பட்டவர்களாக இருக்கக் கூடும். அவர்களை மாற்றிவிடுவதாலோ வாயடைப்பதாலோ பழுது நீங்குவதில்லை, எச்சரிக்கைதான் நின்றுபோகிறது.

பழுது பார்ப்பவர் தேடுகிறார். பியூஸை எரித்தது, ஷார்ட்டாகிவிட்ட டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டரைக் கெடுத்தது, அளவுக்கு மீறிய மின்னோட்டம். அது ஏன் வந்தது? 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கென ஆன பெட்டியில், யாரோ இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரையும் இணையாகச் சேர்த்திருக்கின்றனர். அப்போது சுமை 4 ஓம் ஆகிவிடுகிறது. மின்னோட்டம் இரு மடங்காகிறது. எதற்காகச் சேர்த்தனர்? கடைசி வரிசைவரை அதிர வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டதற்காக. வாசித்த இளைஞனை நோக்கி நீண்ட விரல், இப்போது மெல்ல மெல்லத் திரும்பி, அதை நீட்டியவர்களிடமே வந்து சேர்கிறது.

இங்கு ஒரு தடை எழலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், அக்காரணத்துக்கும் ஒரு காரணம் என்று போய்க்கொண்டே இருந்தால், இறுதியில் எவரும் பொறுப்பாளர் ஆகார் அன்றோ? கொலைகாரனுக்கும் ஒரு குழந்தைப் பருவம் இருந்தது; இலஞ்சம் வாங்குபவருக்கும் ஒரு வறுமை இருந்தது. காரணத்தை அறிவது மன்னித்து விட்டுவிடுவதற்கான சாக்காக மாறிவிடாதா? தடை வலுவானது. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் இதை ஆராய்கிறார். வன்முறைக் கட்டாயத்தாலோ அறியாமையாலோ நேர்ந்தது விருப்பச் செயல் ஆகாது என்று கூறும் அவரே, குடிபோதையில் செய்த குற்றத்திற்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை எடுத்துக்காட்டி, தன் அறியாமைக்குத் தானே காரணமானவர் தப்ப முடியாது என்கிறார். பெட்டியின் பின்புறத்தில் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டாவது ஸ்பீக்கரைச் சேர்த்தவர் அதை அறியாதவர்தாம், ஆனால் படித்திருக்கலாம்.

தடைக்கு விடையும் பழுது பார்ப்பவரின் மேசையிலேயே உள்ளது. முதலாவது, அவர் முடிவின்றித் தேடிக்கொண்டிருப்பதில்லை. தம் கை செயல்படக்கூடிய இடத்தில் தேடலை நிறுத்துகிறார். இரண்டாவது, காரணம் அறிந்துவிட்டதால் எதையும் அவர் அப்படியே விட்டுவிடுவதில்லை. கண்டன்சர் வெப்பத்தால் உலர்ந்தது என்று இரக்கப்பட்டு அதையே உள்ளே விட்டுவைக்கும் மெக்கானிக் எவரும் இல்லை. டிரான்சிஸ்டரை மாற்ற வேண்டும். மிகையான ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டும். இவ்விரண்டும் முடிந்த பின்னரே புதிய பியூஸ். ஒவ்வொரு பொறுப்பும் அதனதன் இடத்தில் அதனதன் அளவில் தீர்க்கப்படுகிறது. காரணம் காண்பது பொறுப்பைக் கரைப்பதன்று; உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பது. மூன்றாவது, கண்டன்சரிடம் பேசிப் பயனில்லை, மனிதரிடம் பேசலாம். தன் குறையைத் தானே அறிந்து நீக்கிக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு உண்டு. ஆதலால் மனிதரிடம் குற்றம் காண்பவர் தேடுவதோடு நில்லாமல், அவரையே கேட்கவும் கடமைப்பட்டவர்.

கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் பெரிய கண்டன்சர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வால்வுகளால் இயங்கும் பெட்டிகளில் அது உயிரையே பறிக்க வல்லது. அறிந்தவர் தக்க ரெசிஸ்டர் வழியாக அதை மெல்ல வடியவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கைவைப்பார். அடங்கிவிட்டதுபோல் தோன்றும் மனிதரிடத்தும் பழைய சினம் தேங்கியிருக்கக் கூடும். அது வடிய நேரம் தர வேண்டும். பழுது நீக்கியதும் மெக்கானிக் நேரே மின்சாரம் கொடுத்துவிடுவதில்லை. இடையே ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து முதலில் இயக்குவார். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டிக்குக் கேடு வராது. சோதிப்பதும் காயப்படுத்தாமல் சோதிப்பதாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

இறுதியாக ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. நல்ல மெக்கானிக், ஒலி வந்தவுடன் பெட்டியை மூடி அனுப்பிவிடுவதில்லை. பேஸ் கிதாரை இணைத்து, தாழ்ந்த தந்தியை நெடுநேரம் மீட்டச் சொல்லி, பெட்டி சூடாகி அதிரும்வரை காத்திருப்பார். சுமையைத் தாங்கிக் காட்டிய பின்னரே பழுது நீங்கியது என்பார். சரிசெய்த பெட்டியைப் பயந்து பயந்து மூலையில் வைத்திருந்தால், அது சரியாயிற்றா என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. மனிதர் செய்தியிலும் இதுவே உண்மை. குற்றமற்றவன் என்று சொல்லிவிட்டு அந்த இளைஞனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தால், நாம் தீர்ப்பை மாற்றினோமே அன்றிப் பழுதை நீக்கவில்லை. கிதார் மீண்டும் அவன் கைக்கு வர வேண்டும். பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருப்பதை அவனும் பெரியவர்களும் சேர்ந்து படிக்க வேண்டும்.