மலிவு யாருடைய கொடை?

மால்டாவில் ஒரு பொருள் விரைவாக விற்றுத் தீர்ந்தால், ‘பஸ்தித்ஸி போல விற்கிறது’ என்பார்கள். பஸ்தித்ஸி உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகாரம். மாவை மெல்லியதாக இழுத்து, கொழுப்புத் தடவிச் சுருட்டி, துண்டுகளாக்கி, உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ வைத்துப் போறணையில் வேகவிடுவார்கள். பாலாடைக்கட்டி வைத்ததை நடுவில் மூடுவார்கள். பட்டாணி வைத்ததைப் பக்கவாட்டில். மடிப்பைப் பார்த்தே உள்ளிருப்பதைச் சொல்லிவிடலாம்.

சில்லறைக் காசுக்குக் கிடைப்பதால் கூலித் தொழிலாளியும் வழக்கறிஞரும் ஒரே கடையில் நின்று, கடதாசிப் பையில் வாங்கி, கண்ணாடிக் குவளைத் தேநீரோடு உண்ண முடிகிறது. இதைச் சமத்துவம் என்று கொண்டாடுவது எளிது. விலை ஏறும்போது எழும் முணுமுணுப்பைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று கைநழுவுகிறதே என்ற கவலை அது.

ஆனால் அந்தச் சமத்துவம் கடையின் முன்புறத்தோடு நின்றுவிடுகிறது. மாவின் விலையும் கடை வாடகையும் ஏறும்போது பலகாரத்தின் விலை மட்டும் ஏறக்கூடாது என்றால், அந்த இடைவெளியை யாரோ ஒருவர் நிரப்பியாக வேண்டும். பலகாரம் சிறுக்கலாம், கைகளின் இடத்துக்கு இயந்திரம் வரலாம், அல்லது விடியுமுன் மாவை இழுப்பவரின் கூலி உயராமல் நிற்கலாம்.

‘விலையை ஏற்றினால் ஏழை என்ன செய்வான்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாவு இழுப்பவரும் ஏழையாக இருக்கலாம். அரசு மானியம் கொடுத்தால் ஊர் கூடிக் கொடுக்கிறது. கூலியில் பிடித்தால் ஒருவரே கொடுக்கிறார், அதுவும் கேட்கப்படாமல். கேட்காமல் எடுத்ததைக் கொடை என்று சொல்ல முடியாது.

2020இல் யுனெஸ்கோ, மால்டாவின் ஃப்திரா ரொட்டி செய்யும் கலையை அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ரொட்டியோடு, அதைச் செய்யும் அறிவுக்கும் கிடைத்த மதிப்பு அது. பஸ்தித்ஸிக்கும் அதே அளவுகோல் பொருந்தும். கைத்திறனை மரபு என்று போற்றுகிறவர்கள், அந்தக் கைக்குரிய கூலியைச் சுமை என்று சொல்வது முரண்.

1948இன் பயண உதவி ஒப்பந்தத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான மால்டியர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மெல்பேர்ணில் இன்றும் பஸ்தித்ஸி கிடைக்கிறது. ஊர்ப் பலகாரத்தைத் தேடி அலையும் நமக்கும் இது புதிதல்ல. ‘ஊர் விலையில் கிடைக்குமா?’ என்று கேட்கும்போது, அந்த ஊர் விலையை இதுவரை யார் சுமந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.