சக்கரமா, மண்ணா?

குடம் ஒன்று உருவாக மூன்று காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தம் படிப்பவர்களுக்குப் பால பாடம். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். முதல் இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. குடத்தை வனைந்து சுட்டு எடுத்தபின் சக்கரத்தை உடைத்துப் போட்டாலும் குடத்துக்கு ஒன்றும் ஆகாது. மண்ணை எடுத்துவிட்டால் குடமே இல்லை. உலகையும் இறைவனையும் பற்றிப் பேச எழுந்த இந்தப் பாகுபாடு, கணினியில் இசையமைப்பவர்கள் எல்லோர் முன்னும் இன்று நிற்கும் ஒரு கேள்வியைத் துலக்கிக் காட்டும் என்று நம்புகிறேன். காசு கொடுத்து வாங்கும் இசை மென்பொருள்களில் பேர் பெற்றவை க்யூபேஸ், புரோ டூல்ஸ், ஏபிள்டன் லைவ், எஃப்.எல். ஸ்டுடியோ. நான்கும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே எழுதப்பட்டவை. லாஜிக்கோ ஆப்பிள் கருவிகளை விட்டு வெளியே வராது. லினக்ஸ் இயங்குதளத்துக்கென்று இவற்றில் ஒன்றுக்கும் பதிப்பு கிடையாது. இதை லினக்ஸ்காரர்களின் மனக்குறை என்றே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்த மென்பொருள்களை ஏற்கெனவே வாங்கி, லினக்ஸைப் பற்றி நினைத்தே பாராதவருக்குத்தான் இதில் பெரிய இழப்பு என்பது என் வாதம்.

ஒரு பாட்டின் ப்ராஜெக்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். ரீப்பர் என்ற இசை மென்பொருள் சேமிப்பது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கலாம். டெம்போ 120, நாலுக்கு நாலு என்று ஒரு வரி. அதற்குக் கீழே ட்ராக்குகளின் பெயர்கள், எந்த ஒலித்துண்டு எந்த நொடியில் தொடங்குகிறது, சத்தம் எவ்வளவு, இடமா வலமா என்று எல்லாம் கண்ணால் படிக்கக்கூடிய வரிகள். ஏபிள்டன் லைவின் கோப்பும் சுருக்கி வைத்த எக்ஸ்.எம்.எல்.தான், அவிழ்த்துப் படித்துவிடலாம். இன்னும் கீழே போனால் ஒரு ப்ளக்-இன், அதாவது ஒலியை உண்டாக்கவோ மாற்றவோ மென்பொருளில் செருகும் துணை நிரல், வரும். வாசிப்பு அங்கே நின்றுவிடுகிறது. எழுத்தும் எண்ணும் கலந்து, பொருள் எதுவும் தராமல் வரிவரியாக அடைந்து கிடக்கும். சிந்தசைசரின் ஒவ்வொரு திருகும் எந்த நிலையில் நின்றது, ரிவெர்ப் எத்தனை நொடி நீண்டது என்பதெல்லாம் அந்தக் குவியலுக்குள்தான் இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தது அந்த ப்ளக்-இன் ஒன்றுக்குத்தான். அது இல்லாத கணினியில் ப்ராஜெக்டைத் திறந்தால் ட்ராக் இருக்கும், ஸ்வரங்கள் இருக்கும், ஒலி இருக்காது. சக்கரம் என்று சொல்லி விற்கப்பட்டது மண்ணோடு கலந்துவிட்டது. அதை எடுத்தால் குடமும் போகிறது. வீணை செய்பவருக்கு வாசிப்பவர் மேல் இப்படியொரு பிடி இருந்ததே இல்லை. அவர் பட்டறையை மூடிய பின்னும் அதே உருப்படியை இன்னொரு வீணையில் வாசிக்கலாம்.

மண்ணில் பாதி பிறர் கையில் இருக்கும்போது, அது யாருடைய தரையில், அதாவது யாருடைய இயங்குதளத்தில், கிடக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். 2002 ஜூலையில் லாஜிக்கை உருவாக்கிய ஜெர்மனியின் ஈமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அந்த செப்டம்பர் முடிவோடு லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. அந்தப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. உரிமையாளர் மாறினார், அவ்வளவுதான். 2017 நவம்பரில் கேக்வாக் என்ற இசை மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் உரிமையாளரான கிப்ஸன் அறிவித்தது. சில மாதங்களில் பேண்ட்லேப் நிறுவனம் வாங்கிக்கொண்டதால் அது பிழைத்தது. 2019இல் வந்த மேக் கேட்டலினா 32 பிட் நிரல்களை ஏற்க மறுத்தது. புதுப்பிக்கப்படாமல் இருந்த ப்ளக்-இன்கள் அந்த ஒரே அப்டேட்டில் ஊமையாயின. இவை ஒவ்வொன்றுக்கும் வணிகக் காரணம் உண்டு, அது நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் முடிவெடுத்தவர் ஒருவர், பாட்டை இழந்தவர் இன்னொருவர். லினக்ஸ் என்ற தரைக்கு அப்படி ஒரே உரிமையாளர் கிடையாது. இருபது ஆண்டுக்கு முந்தைய லினக்ஸ் பதிப்பை இன்றும் யாரிடமும் கேட்காமல் நகலெடுக்கலாம், மெய்நிகர் கணினிக்குள் வைத்து ஓட்டலாம். மேக்கை ஆப்பிள் கணினிக்கு வெளியே ஓட்ட அதன் உரிமம் இடம் கொடுப்பதில்லை. விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கும். மூடிய ப்ளக்-இன் லினக்ஸிலும் பழசாகும், புதிய லைப்ரரிகளோடு ஒத்துப்போகாமல் ஒருநாள் நின்றும்விடும். இதை மறுக்கவில்லை. ஆனால் அது ஓடிய பழைய தரையை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள யாருடைய தயவும் தேவைப்படாது. லினக்ஸை ஒருநாளும் தொடாதவருக்கும் லினக்ஸ் பதிப்பு தேவை என்று நான் சொல்வது இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான்.

பாட்டு முடிந்ததும் வேவ் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே சுட்ட குடம், ப்ராஜெக்ட் என்பது வெறும் பட்டறை, பட்டறையை யார் பாதுகாக்கிறார்கள் என்று கேட்கலாம். இது வலுவான கேள்விதான். ஆனால் கணினியில் பிறக்கும் இசை சூளைக்குப் போய் முடிந்துவிடுவதில்லை. பாடகருக்கு அரைக் கட்டை இறக்க வேண்டியிருக்கும்; படத்துக்குக் குரல் இல்லாத வடிவம் கேட்பார்கள்; பத்து ஆண்டு கழித்து மறுபடி மிக்ஸ் செய்ய வேண்டி வரும். ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி ஒலிக்கோப்பாக எடுத்து வைப்பது நல்ல பழக்கம், எல்லோரும் செய்ய வேண்டியதும்கூட. ஆனாலும் அதில் மண் பாதி காய்ந்துவிடுகிறது. ஒலியோடு ஊறிப்போன ரிவெர்பைப் பிறகு கழற்ற முடியாது. இந்தக் கவலை எனக்கு மட்டும் உரியதல்ல. 2023இல் பிட்விக், பிரீசோனஸ் என்ற இரு இசை மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து டாப்ராஜெக்ட் என்ற பொதுக் கோப்பு வடிவத்தை வெளியிட்டன. ஒரு மென்பொருளில் செய்த ப்ராஜெக்டை இன்னொன்றில் திறக்க அது வழி செய்கிறது. க்யூபேஸ் 14உம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள்ளும் ப்ளக்-இன்னின் குவியல் குவியலாகவேதான் பயணம் போகிறது.

ஒலி வேலைக்கு லினக்ஸ் லாயக்கில்லை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் கணினி, 128 அளவுகளை ஒரு கட்டாக எடுத்தால், அதை முடிக்க அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 2.7 மில்லிநொடி. தவறினால் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு காதில் விழும். லினக்ஸில் இந்தக் கெடுவைத் தவறவிடாமல் காக்கவே பால் டேவிஸ் ஜாக் என்ற அமைப்பை எழுதினார். நிகழ்நேர வேலைக்கான ப்ரீஎம்ப்ட் ஆர்.டி. மாற்றங்கள் 2024இல் லினக்ஸ் 6.12 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டன. இதைவிடப் பெரிய சாட்சி விற்பவர்களின் கடைக்குள்ளேயே இருக்கிறது. மேடைகளில் பல காலம் ஒலித்த கோர்க் க்ரோனோஸ் கீபோர்டுக்குள் ஓடியது லினக்ஸ். அகாயின் புதிய எம்.பி.சி. பெட்டிகளுக்குள்ளும் லினக்ஸ். 2023இல் ஏபிள்டன் கொண்டுவந்த புஷ் 3 கருவி, கணினியே இல்லாமல் தனித்து இயங்குவது லினக்ஸின் மேல்தான். தன் பெட்டிக்குள் நம்பும் தரையை வாங்குபவரின் மேசையில் நம்ப முடியாது என்பதை எப்படி ஏற்பது? பெட்டி என்றால் ஒரே வன்பொருள், ஒரே பதிப்பு. மேசை என்றால் உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் என்று ஆயிரம் லினக்ஸ் வகைகள் என்பார்கள். சரிதான், அது செலவு பிடிக்கும் வேலை. 1997இல் பிறந்த எஃப்.எல். ஸ்டுடியோ மேக்குக்கு வந்து சேர 2018 ஆயிற்று என்பதே அந்த உழைப்புக்கு அத்தாட்சி. மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு நூற்றுக்கு நாலு என்ற அளவில்தான் இருக்கிறது என்பதும் தெரிந்ததே. இருந்தும் பெர்லினின் பிட்விக் 2014இல் முதல் பதிப்பிலிருந்தே லினக்ஸில் ஓடுகிறது. ரீப்பரும் ரெனாய்ஸும் பியானோடெக்கும் ஓடுகின்றன. இவை ஒன்றும் பெருநிறுவனங்களின் படைப்புகள் அல்ல. சிறு குழுக்களுக்கு முடிவது பெரியவர்களுக்கு முடியாது என்றால், பற்றாக்குறை பணத்தில் இல்லை.

எங்கே விற்பது என்பது விற்பவர் உரிமை, பிடிக்காதவர் ஆர்டருக்குப் போகட்டும் என்பது அடுத்த மறுப்பு. ஆர்டர் ஒரு சுதந்திர இசை மென்பொருள். லினக்ஸில் பிறந்து வளர்ந்தது. அதைக் கொண்டு முழு ஆல்பம் செய்ய முடியும். புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். முன்பின் தெரியாத லினக்ஸ்காரர் ஒருவருக்கு எந்த நிறுவனமும் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்ற பிறகு நிலைமை வேறு. சக்கரத்தின் விலையை வாங்கிக்கொண்டு மண்ணிலும் ஒரு பங்கை வைத்துக்கொண்டவர், எனக்கும் அந்தக் குடத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. பதினைந்து வருட ப்ராஜெக்டுகள் ஒரே மென்பொருளில் கிடக்கும் ஒருவரிடம் ஆர்டருக்குப் போ என்பது, கட்டிய வீட்டை விட்டுவிட்டு வெளியே போ என்பதுதான். வைனும் யாப்ரிட்ஜும் இருக்கின்றனவே என்பார்கள். விண்டோஸ் ப்ளக்-இன்களை லினக்ஸில் ஓட வைக்கும் அந்த உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் விலை வாங்கியவரின் பொறுப்பை, அந்த விலையில் ஒரு காசும் வாங்காதவர்கள் தோளில் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பூட்டு. பல ப்ளக்-இன்கள் ஐலாக் போன்ற உரிமப் பூட்டுகளோடு வருகின்றன. அந்தப் பூட்டு விண்டோஸிலும் மேக்கிலும்தான் வேலை செய்யும். பூட்டு இல்லாமல் லினக்ஸுக்கு வந்தால் திருடிவிடுவார்கள் என்ற அச்சத்தை அற்பமாக எண்ண மாட்டேன், எழுதியவர் பிழைக்க வேண்டும். ஆனால் பெர்லினின் யு-ஹீ என்ற ப்ளக்-இன் நிறுவனம் ஒரு சீரியல் எண்ணை மட்டும் நம்பி விற்கிறது, லினக்ஸுக்கும் கொடுக்கிறது, கடையும் நடக்கிறது. இணையத்தில் அனுமதி கேட்கும் பூட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாள் பதில் வராமல் போனால், காசு கொடுத்தவரின் ப்ராஜெக்ட் திறக்காது. திருடியவரின் நகலில் அந்தப் பூட்டை ஏற்கெனவே கழற்றியிருப்பார்கள்.