காமன் கட்சியும் கண்ணீர்க் கடனும்

கற்பனையில் வாழும் இருவர் ஒன்றுசேர வேண்டும் என்று நாம் ஏன் ஏங்குகின்றோம்? அவ்வேக்கம் வெறும் பொழுதுபோக்கா, அன்றி நமது ஒழுக்க வாழ்வோடு தொடர்புடைய ஒன்றா? இவ்வினா முதற்பார்வையில் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் மனிதன் விளையாட்டாகச் செய்யும் செயலிலேதான் அவனது உள்ளம் காவலின்றி வெளிப்படுகின்றது. ஆதலின் இவ்விளையாட்டைச் சற்று ஊன்றி நோக்குதல் பொருத்தமுடையதாகும்.

2013ஆம் ஆண்டில் மகாபாரதத் தொடர் தமிழ்க் குரலில் விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, நான் நானுஓயாவில் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் பயின்றுகொண்டிருந்தேன். கொழுந்து நிறுத்துத் திரும்பிய பெண்கள், அடுப்பு வேலையை அரைகுறையாக முடித்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் கூடுவர். சில வாரங்களில் எங்கள் லயம் இரு கட்சிகளாகப் பிரிந்தது. பாஞ்சாலிக்கு அருச்சுனனே ஏற்றவன் என்றது ஒரு கட்சி. கர்ணனுக்கே அவள் மாலையிட்டிருக்க வேண்டும் என்றது மற்றொன்று. மறுநாள் மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போதும் இவ்வழக்கு ஓயாது. ஒரு கட்சிக்காரியின் கூடை நிறையாவிட்டால், உன் கர்ணன் வந்து நிரப்பமாட்டானா என்று மறு கட்சி நகையாடும். கதையின் முடிவை அனைவரும் அறிவர். அதனை எவராலும் மாற்ற இயலாது என்பதையும் அறிவர். அறிந்தும் வழக்காடினர்.

தொலைக்காட்சி வந்தபின் தோன்றிய மயக்கம் இது என்று கூறுவோர் நமது மரபை மறந்தவராவர். வில்லிபாரதத்தில் பழம்பொருந்து சருக்கம் என்றொரு பகுதி உண்டு. மரத்தினின்று வீழ்த்திய நெல்லிக்கனியை மீண்டும் கிளையிற் பொருத்துவதற்காக ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்து உண்மையை உரைக்கின்றனர். கணவர் ஐவர் இருந்தும் இன்னும் ஒருவனைத் தன் நெஞ்சம் நாடுவதாகப் பாஞ்சாலி கூறுகின்றாள். அவன் யாரென்று புலவர் பெயர் சுட்டவில்லை. மக்கள் வழக்கோ அவ்வெற்றிடத்தில் கர்ணனைக் கொண்டுவந்து இருத்திற்று. எங்கள் லயத்துக் கர்ணன் கட்சி நூற்றாண்டுகள் பழமையானது என்பதை இதனால் உணரலாம்.

இன்னும் நெருங்கிய சான்று எங்கள் காமன் கூத்தாகும். மாசித் திங்களில் தோட்டத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்பட்டதும், ஊர் முழுவதும் இரதி மதனின் இல்வாழ்வுக்குச் சுற்றமாகி விடுகின்றது. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை இரதி தடுக்கின்றாள். அவன் கேளாது செல்கின்றான், நெற்றிக்கண்ணால் எரிகின்றான். இரதியின் ஒப்பாரி எழும்போது, அவ்வேடம் புனைந்திருப்பவர் பக்கத்து லயத்து ஆடவர் என்பதை அறிந்தும் பெண்கள் விம்முவர். பின்னர் மதன் உயிர் பெறுகின்றான். ஆயினும் இரதியின் கண்ணுக்கு மாத்திரமே புலப்படுவான் என்பது கதை. தமிழகத்தின் தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து இலாவணி பாடும் வழக்கும் இருந்து வந்துள்ளது. பிற நாட்டினரும் இதற்கு விலக்கல்லர். 1993இல் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ் பைல்ஸ் என்னும் மர்மத் தொடரின் நாயகனும் நாயகியும் காதலராக வேண்டும் என விரும்பியோர் தனி அணியாகவே திரண்டனர். இணை சேர்த்துப் பார்க்கும் இவ்வேட்கை மனித இயல்பின் ஒரு கூறு என்பதில் ஐயமில்லை.

இயல்பானது யாவும் நன்று எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பார் உளர். கவிஞர்கள் உணர்ச்சியைத் தூண்டி அறிவைத் தளர்த்துகின்றனர் என்று பிளேட்டோ அஞ்சினார். 1758இல் தலம்பேருக்கு எழுதிய மடலில் ரூசோ இன்னும் கூரிய குற்றச்சாட்டை முன்வைத்தார். நாடகத்தில் கண்ணீர் சிந்துபவன், அக்கண்ணீராலேயே தன் கடமை தீர்ந்ததாக எண்ணி வீடு செல்கின்றான். துன்புறும் உண்மை மனிதருக்கு அவன் எதனையும் ஈய வேண்டியதில்லை என்பதே அவர் கருத்தின் சாரம்.

இக்கூற்றை நான் நூலகத்தில் முதன்முதலாகப் படித்தபோது எனக்கு எங்கள் லயம் நினைவுக்கு வந்தது. நான் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய ஆண்டில், நான்கு காம்பராக்கள் தள்ளி வசித்த அக்கா ஒருவர், வேறு சாதி இளைஞர் ஒருவரை விரும்பினார். செய்தி வெளிப்பட்டதும் அவரை அடித்தனர். பதினைந்து நாட்களுக்குள் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டனர். போவதற்கு முதல்நாள் அவர் என்னிடம் வந்து, "உங்க அம்மா சொன்னா எங்க அம்மா கேப்பாங்க, கொஞ்சம் பேசச் சொல்லு" என்றார். பரீட்சை நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன், அம்மாவிடம் பேசவில்லை. அந்த மாசியிலும் காமன் கூத்து நடைபெற்றது. மதனைத் தடுத்த இரதிக்காக அழுதவர்களுள் அந்த அக்காவின் தாயும் இருந்தார், நானும் இருந்தேன்.

ரூசோ கூறியது சரிதானோ? பல நாள் அவ்வாறே எண்ணினேன். இப்போது அதனை முழுவதும் ஏற்க மனம் ஒப்பவில்லை. காரணம் கூறுகின்றேன்.

தொல்காப்பியர் அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என விதித்தார். பெயர் நீங்கும்போது குலமும் ஊரும் உடைமையும் பின்னொதுங்குகின்றன; இரு நெஞ்சங்களே எஞ்சுகின்றன. கற்பனை இணையைக் காணும்போதும் நாம் அத்தகைய நிலையையே அடைகின்றோம். இரதிக்குச் சீதனம் தேட வேண்டியதில்லை. கர்ணனை ஏற்றால் எவரும் நம்மைச் சாதியைச் சொல்லித் தூற்றப்போவதில்லை. நாம் எதனையும் இழக்க வேண்டாத அவ்விடத்தில் எதனை விரும்புகின்றோமோ, அதுவே அச்சம் கலவாத நமது தீர்ப்பு. கர்ணனின் பிறப்பை இழித்துரைத்த காட்சியில் எங்கள் லயத்துப் பெண்கள் கொதித்தெழுந்தனர். பிறப்பைக் கொண்டு அன்பை அளத்தல் அநீதி என்பது அவர்களுக்குத் தெரியாத ஒன்றன்று. தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே அவ்விளையாட்டு நம்மை ஏமாற்றவில்லை. அறியாமல் செய்தோம் என்று கூறும் வாய்ப்பையே அது நம்மிடமிருந்து பறித்துவிடுகின்றது. நாடகத்தில் சிந்தும் கண்ணீர், கடனைத் தீர்த்துவிட்டதற்கான பற்றுச்சீட்டன்று. கடன் உண்டென்று நாமே கைந்நாட்டு வைத்துக் கொடுக்கும் பத்திரம். அதனைப் பற்றுச்சீட்டாகப் பிறழ உணர்வதே ரூசோ கண்ட தீமை. தவறு அழுததில் இல்லை. அழுகையோடு நின்றுவிட்டதிலேயே இருக்கின்றது.

இதனால் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பவர் அனைவரும் சீர்திருத்தவாதிகளாக வேண்டும் என்று நான் கூறவில்லை. நாளெல்லாம் குளிரிலும் அட்டைக் கடியிலும் உழைத்துவரும் ஒரு பெண், மாலையில் அருச்சுனனுக்காக வழக்காடிச் சிரிப்பதை எவரும் பழிக்கலாகாது. அச்சிரிப்பு அவளது உரிமை. கர்ணன் கட்சியில் நான் இன்றும் உறுப்பினள்.

அந்த அக்காவை அதன்பின் ஒருமுறை நானுஓயாப் புகையிரத நிலையத்தில் கண்டேன். தைப்பொங்கல் விடுமுறைக்கு வந்து கொழும்பு திரும்பிக்கொண்டிருந்தார். படிப்பு எப்படி என்று விசாரித்தார், நான் கூறினேன். பழையதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் பேசாதிருந்ததை நானும் சொல்லவில்லை. வண்டி புறப்பட்டது.

அடுத்த மாசியில் காமன் பொட்டலில் மீண்டும் கம்பம் ஊன்றுவார்கள். இரதி தடுப்பாள், மதன் செல்வான், நாங்கள் அழுவோம். அவ்வேளையில் எந்த லயத்தில் எந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொருத்தி எவரேனும் தனக்காகப் பேசமாட்டாரா என்று காத்திருக்கின்றாள் என்பதையும் நினைத்துக்கொள்வோமாயின், காமன் கூத்து அன்றுதான் நம்மிடையே நிறைவுபெறும்.