சுவரில் எழுதிய எண்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து புழங்கும் அறைகளின் சுவரில் இரண்டு எண்களைப் பார்க்கலாம். உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்பது ஒன்று. எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பது மற்றொன்று. பெயிண்டில் எழுதியிருப்பார்கள். வெயிலில் வெளுத்தால் மறுபடி எழுதுவார்கள். மருந்து என்றால் இந்த வட்டாரத்தில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவை. வெளியூரிலிருந்து வருபவர் அந்தச் சொல்லில் ஒரு கணம் தடுமாறுவார். உள்ளூர்க் குழந்தைகள் தடுமாறுவதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இரண்டின் பின்னும் ஒரே குற்றச்சாட்டு எழுந்தது: அனுமதிக்கு மீறிய ஆள், அனுமதிக்கு மீறிய மருந்து. எழுதிய எண்ணுக்கும் நடந்ததற்கும் நடுவே இருந்த தூரத்தில்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் ஆலையிலிருந்து தொடங்கினால் எல்லாப் பழியையும் முதலாளி மேலும் போர்மேன் மேலும் போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். அதனால் எனக்குத் தெரிந்த, வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் நடமாடும் ஆய்வகத்துக்குப் போகிறேன். அதற்கான வழியும் பட்டாசு அறையிலிருந்துதான் தொடங்குகிறது.

பட்டாசு அறையில் வேலை பார்த்து வெளியே வருபவரின் புருவம், காது மடல், நகக்கண் எல்லாம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். அது அலுமினியம். அந்தப் பவுடரை இன்னும் நுண்மையாக்கினால் என்ன என்ற ஆய்வு சிவகாசியிலேயே நடந்திருக்கிறது. பட்டாசுக்கான நானோ அலுமினியத்தின் வெப்பக் குணம், உணர்திறன் பற்றி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். தூள் நுண்மையாகும்போது கொஞ்சம் போட்டாலே வேலை நடக்கலாம், புகை குறையலாம் என்பது ஆசை. நுண்மையாகும்போது உரசலாலும் பொறியாலும் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பது அச்சம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பச்சை உப்பு எனப்படும் பேரியம் உப்பைத் தடுத்து, பசுமைப் பட்டாசு மட்டும் என்று சொன்ன பிறகு, மருந்தின் கூட்டை மாற்றும் தேடல் சூடுபிடித்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசு வகைகளில் ஒன்றின் நோக்கமே அலுமினியத்தைக் குறைப்பதுதான்.

வெடிக்குமா வெடிக்காதா என்பதற்குச் சோதனை உண்டு. மூச்சில் போனால் என்ன ஆகும் என்பதற்கு? கண்ணாடித் தட்டில் வளர்த்த நுரையீரல் செல்களின் மேல் தூளைக் கலந்த திரவத்தை ஊற்றிப் பார்ப்பது ஒரு வழி. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நானோ தூள் தனித்தனி மணியாக இருப்பதில்லை. ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கட்டியாகக் கிடக்கும். கரண்டியால் கலக்கினால் கட்டி அப்படியே அடியில் உட்காரும். அதைப் பிரிக்க மீயொலியைப் பயன்படுத்துகிறார்கள். டைட்டானியம் முனையுள்ள ஒரு கம்பியைத் திரவத்துக்குள் இறக்குவார்கள். அது நொடிக்கு ஏறத்தாழ 20,000 முறை அதிரும். திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி உடையும். உடையும் கணத்தில் அந்தப் புள்ளியில் வெப்பம் சில ஆயிரம் டிகிரிக்குப் போகும். அந்த அடியில் கட்டிகள் பிரியும்.

ஐரோப்பாவில் நானோஜெனோடாக்ஸ் என்ற கூட்டுத் திட்டம் இதற்கு ஒரு முறை வகுத்தது. ஒரு மில்லி லிட்டருக்கு 2.56 மில்லி கிராம் தூள். முதலில் துளி எத்தனாலில் நனைத்து, பிறகு 0.05 சதவீத ஆல்புமின் புரதம் கலந்த நீரில் போட்டு, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 16 நிமிடம் மீயொலி. இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கட்டி பிரியாமல் அடியில் தங்கினால், போட்டதாக எழுதிய அளவு வேறு, செல்லைத் தொட்ட அளவு வேறு. முடிவில் ‘தீங்கில்லை’ என்று வந்தாலும் அது தூளைப் பற்றிய முடிவாகாது. அளவுக்கு மீறி அதிரவிட்டாலோ, கம்பியின் முனை தேய்ந்து டைட்டானியம் கலக்கும், புரதம் வெந்துபோகும், பிரிந்த துகள்கள் மறுபடி ஒட்டும். அப்போது உலகில் எங்கும் இல்லாத ஒரு பொருளுக்குத் தீங்குச் சான்றிதழ் கொடுத்திருப்போம்.

அந்தக் கருவியின் பெட்டியிலும் ஓர் எண் உண்டு. 400 வாட் என்று போட்டிருக்கும். சுவரில் எழுதிய எண்ணுக்கு இது உடன்பிறப்பு. திரவத்துக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது என்பதைப் பெட்டி சொல்லாது. அதை அறிய நல்ல ஆய்வகத்தில் ஒரு குடுவையில் தண்ணீரை வைத்து, மீயொலி கொடுத்து, வெப்பமானி ஏறுவதைப் பார்ப்பார்கள். அரை கிலோ தண்ணீர் 5 நிமிடத்தில் 3 டிகிரி ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 21 வாட் வரும். 400 எங்கே, 21 எங்கே! கட்டுரையில் 400 என்று மட்டும் எழுதுபவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. பெட்டியில் இருந்ததைத்தான் எழுதினார். ஒரு குடுவைத் தண்ணீர், ஒரு வெப்பமானி, சில நிமிடம். இதைச் செய்யாமல் விடுவதற்குச் சோம்பலைத் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை.

அலுமினியத்தில் இன்னொரு வம்பு. அதன் மேல் ஆக்சைடுத் தோல் ஒன்று உண்டு. பெரிய மணியில் அது பொருட்டில்லை. 50 நானோமீட்டர் மணியில் 3 நானோமீட்டர் தோல் இருந்தால், கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோல்தான். மீயொலி அந்தத் தோலை அங்கங்கே உரிக்கும். உரிந்த அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளியிடும், ஹைட்ராக்சைடாக மாறும். காலையில் கலக்கி மூடி வைத்த குப்பியில் மறுநாள் இருப்பது வேறு பொருள். மூடியைத் திறந்தால் சில சமயம் உஸ்ஸென்று சத்தம் வரும்.

இதை ஆய்வகத்தின் ஏதோ கண்டுபிடிப்பு என்று முதலில் நினைத்தேன். பட்டாசு வட்டாரத்துக்கு இது பழைய செய்தி. அலுமினியமும் வெடியுப்பும் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். அதனால்தான் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம். அன்றைக்குக் கலந்த மருந்து அன்றைக்கே முடிய வேண்டும், மிச்ச மருந்தை இரவு தங்க வைக்கக்கூடாது என்பதும் அதனால்தான். மறுநாள் அதைத் தொட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்தில் உலோகத் தூளைக் கலக்கும் வேலை என்னிடம் இருந்தது. 16 நிமிடம் ஓட வேண்டியது. 11ஆம் நிமிடத்தில் மின்சாரம் போனது. வந்ததும் மீதி 5 நிமிடம் ஓட்டினேன். ஏட்டில் 16 என்று எழுதினேன். கூட்டினால் சரிதானே. அந்தக் குப்பியின் துகள் பருமன் மற்றவற்றோடு ஒட்டவில்லை. எனக்கு மூத்த அக்கா ஒருவர் ஏட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “நடுவுல எவ்வளவு நேரம் நின்னுச்சு?”

“ஒரு மணி நேரம் இருக்கும்க்கா.”

“அதை எழுதலையே.”

அவர் அதட்டவில்லை. அந்தக் குப்பியைக் கழிவில் ஊற்றச் சொன்னார். அதன்பின் வந்த மூன்று நாள் வேலையும் சேர்ந்து கழிவுக்குப் போனது. 11ஐயும் 5ஐயும் கூட்டினால் 16 என்பது கணக்கில் உண்மை. அந்த ஒரு மணி நேரத்தில் துகள்கள் அடியில் உட்கார்ந்து மறுபடி கட்டிக்கொண்டதும் உண்மை. முதல் உண்மையை வைத்து இரண்டாவதை மூடியிருந்தேன். ‘நாலு பேருக்கு அனுமதி, நாலு பேர்தான் பதிவேட்டில்’ என்று சொல்லும் ஆலையிலும் இதே கணக்குதான் நடக்கிறது என்பது எனக்கு உறைக்கப் பல நாளாயிற்று. என் குப்பியில் யாரும் சாகவில்லை. அது என் நேர்மையால் வந்ததன்று. குப்பியில் இருந்தது சில மில்லி கிராம்தான் என்பதால்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு சரியாகக் கலக்கினாலும், ஆல்புமின் போர்த்திய அந்தக் கலவை, வெம்பக்கோட்டை அறையில் ஒரு பெண் மூச்சிழுக்கும் காய்ந்த தூசு ஆகாது. அவள் இழுப்பது கட்டியும் மணியும் கந்தகமும் சேர்ந்தது. சோதனை அவளுக்குப் பக்கத்தில் ஓரளவு வரை போகும், அவ்வளவுதான். எது வரை போனோம் என்று எழுதும் கடமை அங்கே இன்னும் கூடுகிறது. அவள் அந்த ஏட்டைப் படிக்கப் போவதில்லை. அதை நம்பி யாரோ ஒருவர் தூளின் அளவையும் முகக்கவசத்தின் தரத்தையும் முடிவு செய்வார்.

இப்போது என் குப்பிகளின் சீட்டில் தூளின் எடை, தண்ணீர் ஏறிய டிகிரி, கலந்த மணி, ஊற்றிவிட வேண்டிய மணி ஆகியவற்றோடு ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. நடுவில் நின்ற நேரம். பெரும்பாலும் அதில் பூஜ்யம் போடுகிறேன். போன வாரம் ஒன்றில் 4 நிமிடம் என்று எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டு, புதிதாகத் தூளை நிறுத்தேன்.