நெல் விளையாத நெல் வயல்

டெக்சாஸில் வார்ட்டன் கவுண்டி நெல்லுக்குப் பேர்போன சமவெளி. அங்கே எல் கேம்போ என்ற ஊர்ப்பக்கம் பழைய நெல் வயல்களை மனை போட்டு விற்றார்கள். வீடு கட்டிக் குடிவந்த சிலருக்கு வருடா வருடம் அரசாங்கத்திடமிருந்து நெல்லுக்கான பணம் வந்தது. வீட்டுப் பின்னால் இருக்கும் புல்தரைக்கு! 2006இல் இதை எழுதிய வாஷிங்டன் போஸ்ட், 2000க்குப் பிறகு விவசாயமே செய்யாதவர்களுக்குப் போனது 130 கோடி டாலர் என்று கணக்குப் போட்டது.

ஊழல் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எல்லாமே சட்டப்படி நடந்தது, அதுதான் சங்கடம். 1996இல் வந்த சட்டத்தின் யோசனை ஒன்றும் மோசமில்லை. என்ன விதைக்கிறாய் என்று பார்த்துப் பணம் கொடுத்தால், விவசாயி சந்தையைப் பார்த்து விதைக்கமாட்டான், வாஷிங்டனைப் பார்த்து விதைப்பான். ஆகவே நிலத்தின் பழைய சாகுபடிக் கணக்கை எடு, ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடு. இப்போது நெல் போட்டாலும் சரி, மாடு மேய்த்தாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி. ஏழு வருட ஏற்பாடு என்றுதான் ஆரம்பித்தார்கள். 2002 சட்டம் அதை நேரடித் தொகை என்று பெயர் மாற்றி நீட்டியது.

அடி வாங்கியது குத்தகைக்காரர். நெல் போடாமலே பணம் வரும் என்றால் நிலக்காரர் எதற்குக் குத்தகைக்கு விடவேண்டும்? விட்டாலும் வாடகையை ஏற்றி அந்தப் பணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். இது புதிதும் இல்லை. 1933இல் பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு பணம் கொடுத்தபோது ஒப்பந்தம் நிலவுடைமையாளரோடுதான். பலர் வாரக்காரரின் பங்கைக் கொடுக்கவில்லை, குடும்பங்களையே வெளியேற்றினார்கள். 1934இல் ஆர்கன்சாவின் டைரோன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குத்தகைக்காரர் சங்கம் தொடங்கியது இதனால்தான். அடுத்த வருடம், அவர்களை வெளியேற்றக்கூடாது என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் சொன்ன வேளாண் துறை வழக்கறிஞர்களுக்கு வேலை போனது.

சரி, இந்தப் பணம் நியாயமாக யாருக்குச் சேரவேண்டும்? மழை பொய்த்தால், விலை சரிந்தால் யார் நஷ்டப்படுகிறாரோ அவருக்கு என்பது என் கட்சி. இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மானியம் வரும் நிலத்துக்கு விலை கூடுதல். மனை வாங்கியவர் அந்தக் கூடுதலையும் சேர்த்துத்தானே கொடுத்தார்? உண்மையான லாபம் விற்றுவிட்டுப் போனவருக்கு. இன்று நிறுத்தினால் வாங்கியவர் நஷ்டப்படுகிறார். மறுப்பு சரிதான். ஆனால் இதே வாதத்தை வைத்து எந்தத் தவறையும் ஒரு தடவை விற்றுவிட்டால் போதும், அது உரிமை ஆகிவிடும். வாங்கியவருக்கு இழப்பீடு வேண்டுமானால் அதைத் தனியாகப் பேசலாம், நெல் என்ற பெயரில் அல்ல.

நம் மொழியில் மானியம் என்ற சொல்லே ஒரு காலத்தில் வரியில்லாமல் விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. ஊர்க்கணக்கு, கோயில் ஊழியம் என்று ஏதோ ஒரு வேலைக்காக விட்டது. டெக்சாஸில் வேலை கழன்றுபோய் நிலம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

2014இல் நேரடித் தொகையை நிறுத்தினார்கள். பதிலுக்கு வந்த திட்டங்களில் விலையோ வருமானமோ சரிந்தால்தான் பணம். எத்தனை ஏக்கருக்கு என்று கேட்டால், இப்போதும் பெரும்பாலும் அதே பழைய பதிவைத்தான் புரட்டுகிறார்கள்.