முதுமையா, பற்றாக்குறையா?

விரைவை இழந்த எதனையும் பயனற்றதென்று ஒதுக்குவது நம் காலத்தின் இயல்பாகிவிட்டது. ஒரு பொருளைக் கைவிடுமுன் அதன் குறை யாதென அறியும் கடமை நமக்கு உண்டா? மடிக்கணினி ஒன்றைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 13 அங்குல மேக்புக் ப்ரோ, தொடக்க நிலையில் 4 ஜி.பி. நினைவகத்துடனும், நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் வன்தட்டுடனும் வந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மென்பொருள்கள் பெருத்தன, கணினி தடுமாறியது. ஆயினும் அதன் செயலி சோர்ந்துவிடவில்லை. சுழலும் தட்டில் ஒவ்வொரு தகவலையும் தேடி ஒரு சிறு முனை நகர வேண்டும். நினைவகம் நிரம்பிவிட்டாலோ, எஞ்சியதையும் அத்தட்டிலேயே எழுதிவைத்து மீண்டும் தேட வேண்டும். செயலி காத்துக் கிடந்தது. அக்காத்திருப்பையே நாம் முதுமை என்றோம்.

அடிமூடியின் பத்துத் திருகாணிகளைக் கழற்றி, அசையும் உறுப்பு எதுவுமற்ற எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்கினால் அதே கணினி மீண்டும் சுறுசுறுப்புடன் உழைக்கிறது. போதிய கருவி தராமல் உழைப்பாளியைச் சோம்பேறி எனப் பழிப்பதும், அதனைப் பழையதெனத் தள்ளுவதும் ஒன்றே அன்றோ?

விரைவை நாடுவதும் ஆசையின் மறுவடிவமே எனச் சிலர் கூறலாம். அக்கூற்றிலும் உண்மை உண்டு. செய்துவந்த பணியைச் செவ்வனே தொடர்வதற்காக மேம்படுத்துவது சிக்கனம். அடுத்தவரிடம் உள்ளதை எட்டிப்பிடிக்க மேம்படுத்துவது ஆசை. திருகாணியைக் கழற்றும் கை ஒன்றே, நோக்கம் வேறு. 'போதும்' எனச் சொல்லத் தெரிந்தவரே பழுதுபார்ப்பின் பயனை முழுமையாக அடைவர்.

எனினும் இப்பொறுப்பு வாங்குவோரை மட்டும் சார்ந்ததன்று. அதே ஜூனில் அதே நிறுவனம் வெளியிட்ட ரெட்டினா வகையில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டும், மின்கலம் பசையால் ஒட்டப்பட்டும் இருந்தன. திறக்க இயலாத பொருளைப் பேண விரும்புவோரும் கைகட்டி நிற்க நேர்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால்பங்கிற்கும் குறைவே. இக்குவியலில் வடிவமைத்தோரின் பங்கும் அடங்கும்.

பேணுதலுக்கும் எல்லை உண்டு. நாம் கண்ட 13 அங்குலக் கணினிக்கு அந்நிறுவனம் அளித்த கடைசி இயங்குதளம் 2019-இல் வந்த கேட்டலீனா. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. லினக்ஸ் போன்றதொரு இயங்குதளத்தை ஏற்றினாலன்றி இன்று இணையத்தில் அதனை நம்பிப் பயன்படுத்துதல் அரிது. ஆகவே எதனையும் என்றென்றும் வைத்திருப்பது அறமாகாது; ஆராயாமல் எறிவதும் அறமாகாது. கைவிடும் தீர்ப்பை எழுதுமுன், அப்பொருளுக்கு நேர்ந்தது முதுமையா, நாம் தரத் தவறிய ஒன்றின் பற்றாக்குறையா எனக் கேட்போம். அவ்வாறு கேட்கப் பழகிய மனம், தளர்ந்து நிற்கும் மனிதரிடத்தும் அவசரத் தீர்ப்பு வழங்காது.