படம் பிடிப்பதில் பாவம் உண்டா?



படம் எடுப்பது கூடுமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன், கைலிக்கடை வைத்திருப்பவன். நான் கேட்க வந்த கேள்வி வேறு.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துப் பூந்தொட்டிச் செடியில், சென்ற ஆண்டு ஒரு தேன்சிட்டு பைபோலக் கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்தது. படமெடுக்க இலை மறைக்கிறது என்றான் என் மகன். நானே கத்தரிக்கோலால் இலைகளை நறுக்கிவிட்டேன். தாய்ச்சிட்டு பக்கத்துக் கம்பியில் இருந்து ஓயாமல் கத்தியது. பாடுகிறது என்று நினைத்தோம். படத்தைப் பார்த்தவர்களெல்லாம் ‘சுப்ஹானல்லாஹ்’ என்றார்கள். மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கூடு கிழிந்து தொங்குகிறது. குஞ்சுகளைக் காணோம். காகமோ வேறெதுவோ, மறைப்பில்லாத கூட்டைக் கண்டுகொண்டது.

“நாம் தொடவே இல்லையே, வாப்பா!” என்றான் மகன்.

என் கடைக்கு வருகிறவர் கைலியைப் பிரித்துக் கறைப்படுத்திவிட்டு, ‘பார்த்தேனே தவிர எடுக்கவில்லையே’ என்றால் நான் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன். அப்படியானால் என் சாக்கு மட்டும் எப்படிச் செல்லும்? ‘படைத்தவனின் வேலைப்பாட்டை ரசிக்கத்தானே நிய்யத்து வைத்தேன்’ என்றும் மனம் வாதாடியது. நல்ல நிய்யத்து நல்ல செயலுக்குக் கூலி தேடித் தரும். கத்தரிக்கோலைக் கழுவித் தராது.

மத்ரஸாவில் ஓதிய ஒரு ஹதீது அன்று நினைவுக்கு வந்தது. பிரயாணத்தில் சில ஸஹாபாக்கள் ஒரு குருவியின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைப் பறித்து அதை வருத்தியவர் யார் என்று வினவி, திருப்பி விடச் சொன்னார்கள். அவர்கள் எடுத்த குஞ்சுகளைத் திருப்பி வைக்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

இது என் வீட்டோடு நிற்கும் விஷயமன்று. சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் சைபீரியா போன்ற தூர தேசங்களிலிருந்து பறவைகள் வருகின்றன. படத்துக்காக அவற்றைக் கிளப்பிவிட்டால், நெடும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகிறது. புலாவ் உபினில் உள்ள செக் ஜாவா கடற்கரையைத் தூர்க்கும் திட்டத்தை அரசாங்கம் 2001-இல் தள்ளிவைத்தது. அதன் அழகைக் காண வருவோரின் கால்களே அதை மிதித்துவிடாதிருக்க, 2007-இல் நடைபாலம் திறக்கப்பட்டது. காட்டுப் பிராணிகளுக்கு இரை போடுவதும் 2020 முதல் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

சட்டம் எல்லாத் தாழ்வாரத்திலும் வந்து நிற்காது. ஆகவே நாமே சில வரம்புகளை வைத்துக்கொள்வோம். கூட்டை நெருங்க வேண்டாம். இலையை வெட்ட வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்ற வேண்டாம். பாதையை விட்டு இறங்க வேண்டாம். பறவை கத்தினால் அது நம்மைப் போகச் சொல்கிறது என்று அறிந்து விலகுவோம்.

பாவம் படத்தில் இல்லை, சகோதரர்களே. அதைப் பெற நாம் கொடுக்கச் செய்யும் விலையில் இருக்கிறது. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. மறவாதிருக்கவே வைத்திருக்கிறேன்.

வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் நம்மைக் கேள்விக்கு ஆளாக்காமல் வல்ல நாயன் காப்பானாக! ஆமீன்.